எண்ணெய் வடிக்கும் வாலைக்கு மின்சார ஹீட்டர்: சாம்பல்தீவு வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை சாம்பல்தீவில் இருக்கிறேன். வீட்டுக் காணியில் எலுமிச்சம்புல் வளர்த்து, வாலையில் (ஆவியாக்கி, குளிரவைத்து வடிக்கும் பானையில்) எண்ணெய் வடித்து, நிலாவெளிப் பக்கம் உள்ள ஹோட்டல்களுக்குக் கொடுத்து வருகிறேன். பானை அறுபது லீட்டர், ஸ்டெயின்லெஸ், வாய் அகலம் 40 சென்ரிமீற்றர். இதுவரை விறகில்தான் காய்ச்சினேன். எண்ணெயில் புகை வாசம் ஏறுகிறது, சில நாள் அடிப்பிடித்த வாசமும் வருகிறது. அதனால் கீசருக்குப் போடும் 3000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். பானையில் துளை போட்டு அதைப் பூட்டலாமா? வீட்டுப் பிளக்கிலேயே குத்தலாமா? 98 பாகையில் நிற்கிற மாதிரி தெர்மோஸ்டாட் போடச் சொல்கிறார் ஒருவர். மாரி முடிந்து ஹீட்டரை வாளித் தண்ணீரில் வைத்துப் போட்டுப் பார்த்தேன், உடனே ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. வயரிங் செய்பவர் ட்ரிப்பை விட்டு நேரே இழுத்துத் தருகிறேன் என்கிறார். மச்சான் இதே வாலையில் கள்ளும் வடிக்கலாம் என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தியதை முதலில் எடுக்கிறேன். அது உயிர் சம்பந்தப்பட்டது. ட்ரிப் சுவிட்சை விட்டு நேரே இழுக்க விடாதீர்கள். அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி, அந்த ஒரு வேலையை மட்டும் உங்கள் வீட்டில் செய்ய அனுமதிக்காதீர்கள்.

காரணம் உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிறது. சாம்பல்தீவில் காலடியில் இருப்பது கடற்கரை மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மண் காய்ந்து கிடக்கும்போது, அதில் அடித்த எர்த் கம்பியின் தடை 100 ஓம் வரை போனாலும் ஆச்சரியமில்லை. இப்போது ஹீட்டர் எங்கோ வெடித்து, உள்ளே இருக்கும் கறண்ட் பானையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 100 ஓம்: எர்த் வழியாக ஓடுவது 2.3 அம்பியர். உங்கள் 15 அல்லது 20 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சாதாரண மின்விசிறியும் சில பல்புகளும் எரிவது போலத்தான். அது விழாது. பானை முழுக்க ஏறத்தாழ 230 வோல்டில் நிற்கும், நீங்கள் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மூடியைத் தொடுவீர்கள். மீற்றர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ட்ரிப் சுவிட்ச் அப்படியில்லை. போகிற கறண்டும் திரும்பி வருகிற கறண்டும் 30 மில்லிஅம்பியர் வித்தியாசப்பட்டாலே 0.3 செக்கனுக்குள் வெட்டிவிடும். எர்த் சரியில்லாத மணல் ஊரில் உங்களுக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். மாதம் ஒருமுறை அதன் ரெஸ்ட் (test) பட்டனை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

சரி, அது ஏன் விழுந்தது? பெரும்பாலும் ஹீட்டருக்குள் ஈரம். ஹீட்டர் குழாய்க்குள் நடுவில் நிக்குரோம் கம்பிச் சுருள் இருக்கும். அதற்கும் வெளிக் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஒக்சைட் என்ற வெள்ளைத் தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கறண்டைக் கடத்தாது, அதுதான் அந்தத் தூளின் சிறப்பு. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். முனையில் அடைத்திருக்கும் பசையில் சின்ன வெடிப்பு இருந்தாலும் போதும், மாரிக்காலம் முழுக்க அலுமாரியில் சும்மா கிடந்த ஹீட்டர் கடல் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு முதல் தடவை போட்டதும் அந்த ஈரத்தின் வழியாகக் கறண்ட் வெளிக் குழாய்க்குக் கசியும். ட்ரிப் சுவிட்ச் விழுவது அதைக் கண்டுதான். பழுது ஹீட்டரில், சுவிட்சில் இல்லை.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. மெகர் (கறண்ட் கசிகிறதா என்று தடையை அளக்கும் மீற்றர்) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோய், கறண்ட் போகும் முனைக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் 500 வோல்டில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதைப் பூட்டக் கூடாது. ரப்பர், சிலிக்கன் வளையங்களைக் கழற்றிவிட்டு, பாண் சுட்டு முடிந்த பேக்கரிப் போறணையின் ஆறும் சூட்டில், 120 பாகையளவில், நாலைந்து மணித்தியாலம் வைத்து எடுங்கள். ஆறிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். வாசிப்பு நன்றாக ஏறியிருந்தால் ஈரம்தான் காரணம், முனைகளைச் சூடு தாங்கும் சிலிக்கனால் அடைத்துவிட்டுப் பாவிக்கலாம். ஏறவில்லையென்றால் குழாயில் எங்கோ ஊசித்துளை இருக்கிறது. காசு போனாலும் பரவாயில்லை, எறிந்துவிடுங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட். கீசர், தண்ணீர் கேத்தல் ஆகியவற்றில் பழகியதால் எல்லோருக்கும் வருகிற யோசனை இது, வாலைக்கு இது பொருந்தாது. உலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு இன்னும் இரண்டு கொள்ளி வைத்தால் தண்ணீரின் சூடு கூடாது, ஆவிதான் கூடும். திருகோணமலை கடல் மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். புல்லின் எண்ணெயும் சேர்ந்து ஆவியாகும்போது அதைவிட ஒரு துளி குறைவு, அவ்வளவுதான். அங்கே 98 என்று வைத்தால் கொதிநிலை வரமுன்னே ஹீட்டர் நிற்கும். கொஞ்சம் கூட்டி வைத்தாலோ விட்டுவிட்டு வேலை செய்யும். ஆவி நின்று நின்று வந்தால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது. அதோடு இன்னொரு தொல்லை: ஹீட்டர் நின்றதும் பானைக்குள் ஆவி குளிர்ந்து சுருங்கும், அப்போது ஒடுக்கியின் (ஆவியைக் குளிரவைக்கும் குழாயின்) வாய் சேகரிப்புப் போத்தலின் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் வடித்த எண்ணெயையே பானை திரும்ப உறிஞ்சிவிடும். குழாய் வாயை எப்போதும் திரவ மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

வாலையில் நீங்கள் ஆள வேண்டியது வெப்பநிலையை அல்ல, வாட்டை. ஒரு லீட்டர் தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும். அந்தக் கணக்கில் 1000 வாட் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1.6 லீட்டர் தண்ணீரை ஆவியாக்கும், 2000 வாட் 3.2 லீட்டர், 3000 வாட் 4.8 லீட்டர். எட்டுக் கிலோ புல் வைத்த அறுபது லீட்டர் பானைக்கு மணிக்கு மூன்று லீட்டரளவு வந்தால் அழகாக வடியும். அதாவது உங்கள் 3000 வாட் சூடேற்றும் நேரத்துக்கு நல்லது, வடிக்கும் நேரத்துக்கு அதிகம்.

இதைக் குறைக்க மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன, வேலையும் செய்யும். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் பாகம் சூடாகும், அலுமினியத் தகடு வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். பழுதாகும்போது பெரும்பாலும் கறண்டை வெட்டாமல் முழுதாகத் திறந்து விட்டுத்தான் பழுதாகும். உப்புக் காற்று அடிக்கும் கொட்டிலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். என் தெரிவு, பானையில் இரண்டு ஹீட்டர்: ஒன்று 2000 வாட், மற்றது 1000 வாட், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். இரண்டையும் போட்டால் 3000, கொதித்ததும் சின்னதை நிறுத்தினால் 2000, கடைசியில் மெதுவாக இழுக்க 1000. கெட்டுப்போக அதில் ஒன்றுமேயில்லை. வாங்கிய 3000 வாட் ஹீட்டர் மெகர் சோதனையில் தேறினால் அதை வீட்டுக் கீசருக்கு ஒதுக்குங்கள்.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் பல்பு மங்கும். லைனில் வர வேண்டியது 230 வோல்ட், நூற்றுக்கு ஆறு கூடலாம், ஆறு குறையலாம். 216 வோல்டுக்கு இறங்கினாலே ஹீட்டரின் வலு நூற்றுக்கு 88 ஆகிவிடும். லைனின் கடைக்கோடியில் 200 வோல்ட் வந்தால் முக்கால்வாசிதான் கிடைக்கும். அதே பானை, அதே புல், ஆனால் வடிகிற வேகம் நாளுக்கு நாள் மாறுகிறதே என்று புல்லைக் குறை சொல்லாதீர்கள். காலையில் வடியுங்கள்.

வீட்டுப் பிளக்கில் குத்தலாமா என்றால், வேண்டாம். 3000 வாட் என்றால் 13 அம்பியர். 13 அம்பியர் பிளக்கின் உச்ச எல்லையும் அதுதான். பத்து நிமிடம் கொதிக்கும் கேத்தலுக்கு அது சரி. மூன்று மணித்தியாலம் விடாமல் ஓடினால் சந்தைக்கு வரும் மலிவுப் பிளக் இளகி, ஓட்டை கறுத்து, கடைசியில் உருகும். மல்ரிபிளக் வயரில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிரதான பெட்டியிலிருந்து, ட்ரிப் சுவிட்சுக்குப் பிறகு, தனி 20 அம்பியர் பிரேக்கர் வைத்து, 7/0.67 வயரில் கொட்டில் வரைக்கும் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். தூரம் அதிகமென்றால் 7/0.85 நல்லது. கொட்டிலில் கீசருக்குப் போடும் 20 அம்பியர் இரட்டைமுனைச் சுவிட்ச், சிவப்பு விளக்கோடு. அது இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டும். பானைக்குப் பக்கத்தில் அல்ல, கை எட்டும் ஆனால் ஆவி படாத இடத்தில்.

இனிப் பானைக்கு வருவோம். ஹீட்டரின் மரை பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம். மெல்லிய தகட்டில் மரை நிற்காது. ஆர்கன் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து ஸ்டெயின்லெஸ் சொக்கெற் (உள்ளே மரை வெட்டிய குழாய்த் துண்டு) ஒன்றைப் பானைச் சுவரில் பற்றவைத்தால் அதுதான் நிரந்தரம். அதற்கு வசதியில்லையென்றால் உள்ளே நட், இரண்டு பக்கமும் சிலிக்கன் வளையம். சாதாரண கறுப்பு ரப்பர் வளையம் போட்டால் எலுமிச்சம்புல் எண்ணெய் அதை ஊறவைத்துப் பிசுபிசுக்கச் செய்துவிடும், எண்ணெயிலும் ரப்பர் மணக்கும்.

இங்கே பலர் தவறவிடுகிற ஓரிடம் இருக்கிறது. ஹீட்டரின் தலையில் எர்த் திருகாணி இருக்கும், அதில் எர்த் வயரைக் கொடுத்துவிட்டுப் பானையும் எர்த் ஆகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மரையில் கசிவு தடுக்கச் சுற்றும் வெள்ளை ரேப், இரண்டு பக்கமும் சிலிக்கன் வளையம் என்றால் ஹீட்டருக்கும் பானைக்கும் நல்ல தொடுப்பு இருக்காது. பானைச் சுவரிலேயே ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட் பற்றவைத்து, வளைய முனை போட்ட எர்த் வயரைத் தனியாக முறுக்குங்கள். மூடிக்கும், செப்புக் குழாய் என்றால் ஒடுக்கிக்கும் அதே எர்த்திலிருந்து ஒரு துண்டு வயர்.

ஹீட்டரின் வெளித்தலையில் கறண்ட் முனைகள் திறந்தபடி இருக்கும். அதற்கு மேல் மூடும் பெட்டி கட்டாயம். ட்ரிப் சுவிட்ச் எல்லா ஷொக்கையும் தடுக்காது: ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் போகிற கறண்டும் வருகிற கறண்டும் சமமாகத்தான் இருக்கும், அது விழாது. வயர் பெட்டிக்குள் கீழிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். அப்போதுதான் மூடியிலிருந்து வழிகிற தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் வளைவில் சொட்டி விழும்.

அடிப்பிடித்த வாசம் பற்றி எழுதியிருந்தீர்கள். ஹீட்டர் போட்டாலும் புல் அதைத் தொட்டால் அதே வாசம் வரும், இன்னும் மோசமாக வரும். கீசர் ஹீட்டரின் குழாய் சிறியது, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் பத்து வாட்டுக்கு மேல் கொட்டும். சுத்தமான தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டிய இலைத்துண்டு அந்த இடத்திலேயே கரியும். ஆகவே புல்லைத் தண்ணீருக்குள் போடாதீர்கள். தண்ணீருக்கு மேலே துளைத்தட்டு, அதன்மேல் மெல்லிய வலை, அதற்கு மேல் நறுக்கிய புல். வாங்கும்போது வாட் ஒன்றாக இருந்தாலும் நீளமாக, மடித்து மடித்து வந்த ஹீட்டரையே எடுங்கள். குழாயின் நீளம் கூடக்கூட ஒரே சூடு அதிக இடத்தில் பரவும்.

தட்டு எந்த உயரத்தில் என்பதை உங்கள் பானைக்கே கணக்குப் பார்ப்போம். 40 சென்ரிமீற்றர் வாய் என்றால் ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் ஒன்றேகால் லீட்டர் நிற்கும். ஹீட்டரை அடியோடு ஒட்டிப் பூட்டினால் அதன் மேல் விளிம்பு 4 சென்ரிமீற்றரில் வரும். வடித்து முடியும்போதும் அதற்கு மேல் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்று மணித்தியாலத்தில் பத்து லீட்டர் ஆவியாகும், அது 8 சென்ரிமீற்றர். ஆக ஆரம்பத்தில் தண்ணீர் 17 சென்ரிமீற்றர், ஏறத்தாழ 21 லீட்டர். கொதித்துத் தெறிப்பதற்கு 4 விட்டு, தட்டு 21 சென்ரிமீற்றரில். அதற்கு மேல் எட்டுக் கிலோ புல்லுக்கு இடம் கிடைக்கும். இந்த 21 லீட்டரும் கொதிக்க 3000 வாட்டில் முக்கால் மணித்தியாலம் போகும்.

தண்ணீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை, நடப்பதைச் சொல்கிறேன்: சில நிமிடத்தில் குழாய் சிவக்கும், தூள் வெடிக்கும், சுருள் அறும், அந்தத் தடவை வடித்த எண்ணெய் முழுதும் கரிந்து மணக்கும். விறகு அணைந்துபோகும், ஹீட்டர் தானாக அணையாது. பானைக்கு வெளியே சூடு தாங்கும் கண்ணாடி மட்டக்குழாய் ஒன்று வையுங்கள், ஆகக் குறைந்த மட்டத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். கறண்ட் ஓடும்போது கொட்டிலை விட்டுப் போகக் கூடாது. கடைக்குப் போக வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் போங்கள்.

மூடியை போல்ட் போட்டு இறுக்காதீர்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லீட்டருக்கு மேல் விரியும். புல் அடைத்துக்கொண்டு குழாய் மூடினால் அந்த ஆவி எங்காவது போக வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து மூட்டில் பூசுகிற பழைய முறை நல்லது. அழுத்தம் ஏறினால் மா பிளந்து வழி விடும்.

குளிர்த் தண்ணீரைத் திறந்த பிறகுதான் ஹீட்டர் சுவிட்ச், அணைக்கும்போது ஹீட்டர் முதலில். 2000 வாட்டில் வரும் ஆவியை ஒடுக்க, தண்ணீர் 30 பாகையில் போய் 50 பாகையில் வெளியேறுவதாக வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றரை லீட்டரளவு ஓட வேண்டும். மணிக்குத் தொண்ணூறு லீட்டர். அதைப் புல்லுக்கே பாய விடுங்கள், ஆற விட்டு. பானைக்குள் ஊற்றும் தண்ணீர் வேறு கதை. கடற்கரைக் கிணறுகளில் உப்பு ஏறும், உப்புத் தண்ணீர் ஸ்டெயின்லெஸ் குழாயையே ஊசி ஊசியாக அரிக்கும். கந்தளாய்க் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஹீட்டரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் தேசிக்காய்ப் புளி கலந்த வெந்நீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம்.

செலவு கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு தடவைக்கு ஏறத்தாழ எட்டு யூனிட். வீட்டு மீற்றரில் அடிக்கடி ஓட்டினால் மாத பில் மேல் படிக்கு ஏறும், அந்த உயர்ந்த விலையையும் எண்ணெயின் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எட்டுக் கிலோ பச்சைப் புல்லுக்கு இருபது முப்பது மில்லிலீட்டர் எண்ணெய்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

மச்சானின் யோசனைக்கு என் பதில், கூடாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் வடிப்பது குற்றம், அதற்காக வாலை வைத்திருப்பதும் குற்றம். தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் நான் மேலே சொன்னதெல்லாம் தண்ணீர் ஆவிக்குத்தான். தண்ணீர் ஆவி கசிந்தால் கை பொசுங்கும், மதுசார ஆவி கசிந்தால் கொட்டில் எரியும். தூய மதுசாரம் 17 பாகையளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும், நம் ஊரில் மார்கழி விடியற்காலையும் அதைவிடச் சூடு. அந்த ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தவழும், சுவிட்ச் போடும்போது வரும் சின்னப் பொறி போதும். எண்ணெய் வாலையும் கசிப்பு (கள்ளச்சாராய) வாலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், நீங்கள் என்ன வடிக்கிறீர்கள் என்பதை மதுவரித் திணைக்கள அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்லி, என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்களுக்கு விற்பவர் நீங்கள், பெயர் முக்கியம்.

எல்லாம் பூட்டியதும் முதல் தடவை புல் இல்லாமல் வெறும் தண்ணீரை ஒரு மணித்தியாலம் வடியுங்கள். புதுச் சிலிக்கன் வாசமும் வெல்டிங் அழுக்கும் அதோடு போய்விடும். பிறகு மெயினை நிறுத்திவிட்டு சுவிட்ச், பிரேக்கர் இரண்டிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது, முறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ட்ரிப் விழுந்தால், மெகர் காட்டிய வாசிப்பையும் எந்த ஹீட்டரைப் போடும்போது விழுகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.